மச்சு நடுவுல தொங்குதுன்னா முதல்ல சுவரோரத்தைப் பாருங்க

தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கத்துல ஒரு கிராமத்துல இருந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க. தாத்தா கட்டின வீடு, 90 வருஷத்துக்கு மேல ஆச்சு, கூடத்துக்கு மேல மரமச்சு. 12 அடி நீளத்துல ஏழு தேக்குச் சட்டம், ஒவ்வொண்ணும் 3க்கு 5 இன்ச், அது மேல பலகை, பலகைக்கு மேல சுண்ணாம்புத் தளம். இப்ப நடந்தா ஆடுது, கீழ நின்னு பாத்தா நடுவுல தொங்கறது கண்ணுக்கே தெரியுது. நூல் பிடிச்சுப் பாத்ததுல அஞ்சு சட்டம் ஒன்றரை இன்ச் இறங்கியிருக்கு, கொல்லைப் பக்கம் இருக்கற ரெண்டு மட்டும் ரெண்டரை இன்ச்சுக்கு மேல. அந்த மூலையில வெளிப்பக்கம் பாத்ரூம், மேல தண்ணி டேங்க், டேங்க் நிரம்பினா ஓவர்ஃப்ளோ தண்ணி சுவத்துலயே வழியுதாம். மச்சு மேல விதைநெல்லு, சாப்பாட்டு நெல்லுன்னு 20 மூட்டை கிடக்குது. கொத்தனார் எல்லாத்தையும் பிரிச்சுட்டு கான்கிரீட் போட்டுடலாம்கறாரு, ஆசாரி நடுவுல ஒரு தூண் குடுத்தா போதும்கறாரு, தம்பி எப்படியும் சரி பண்ணத்தான போறோம் அப்படியே மேல டைல்ஸ் ஒட்டிடலாம்கறாரு. அம்மா கீழ கூடத்துலதான் படுக்கறாங்க, எனக்கு ராத்திரி தூக்கமே வரலன்னு எழுதியிருக்காங்க.

அக்கா, முதல் வேலை இன்னைக்கே செய்யறது. அம்மா கட்டிலை ரேழிக்கு மாத்துங்க, குறைஞ்சபட்சம் அந்தக் கொல்லைப்பக்க மூலையில இருந்து தள்ளிப் போடுங்க. நெல்லு மூட்டையை கீழ இறக்குங்க. மூட்டைக்கு 60 கிலோன்னு வச்சாலும் 20 மூட்டை 1200 கிலோ, அது ஒரே இடத்துல அடுக்கிக் கிடந்தா ரெண்டு மூணு சட்டம்தான் மொத்தத்தையும் தாங்குது. இறக்கும்போது நாலு ஆளு ஒண்ணா மேல ஏறி நிக்க வேண்டாம், ஒருத்தர் மேலயும் இன்னொருத்தர் படியிலயும் நின்னு கை மாத்தி இறக்கட்டும். அப்புறம் அந்த ஓவர்ஃப்ளோ குழாய்ல ஒரு நீளக் குழாயை மாட்டி தண்ணியை சுவரைத் தாண்டி கொல்லையில விழற மாதிரி பண்ணுங்க. நூறு, இருநூறு ரூபா வேலைதான், ஆனா இந்த வீட்டுக்கு நீங்க செய்யப்போற வேலையிலயே பெரிய வேலை அதுதான்னு சொல்லுவேன்.

ஏன் அப்படி சொல்றேன்னா, எல்லாரும் தொங்கற நடுப்பகுதியைத்தான் பாக்கறாங்க, மரம் போறது பெரும்பாலும் அங்க இல்ல, சுவத்துக்குள்ள சொருகியிருக்கற முனையிலதான் போகுது. நடுவுல இருக்கற தேக்கு மூணு பக்கமும் காத்து பட்டு காஞ்சு கிடக்கும், சுவத்துக்குள்ள போற ஒம்போது இன்ச்சு மட்டும் ஈரத்துல ஊறிக்கிட்டே இருக்கும். மரத்துல ஈரம் 20 சதவீதத்துக்கு மேல நாள்கணக்கா நின்னா பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும், அது வைரம் பாஞ்ச தேக்கா இருந்தா கொஞ்சம் தாமதமா இத்துப்போகும் அவ்வளவுதான், இத்துப்போகாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஈரம் இருந்தா கரையானும் தேடி வரும், சுவத்துக்குள்ளயே மண்ணு குழாய் கட்டி ஏறி முனையை உள்ளுக்குள்ள அரிச்சிடும், வெளியில பாத்தா பெயிண்ட் அடிச்ச மாதிரி நல்லாவே இருக்கும்.

உங்க அஞ்சு சட்டம் ஒன்றரை இன்ச் இறங்கினதைப் பத்தி எனக்கு பெரிய பயம் இல்ல. மரம் மேல பாரம் வருஷக்கணக்கா உக்காந்திருந்தா அது மெதுவா வளைஞ்சு அந்த வளைவுலயே நின்னுடும், பாரத்தை எடுத்தாலும் முழுசா திரும்பாது. ஐஎஸ் 883னு மரவேலைக்கான இந்திய ஸ்டாண்டர்ட் இருக்கு, அது நீளத்துல 240ல ஒரு பங்கு, ஓடு மாதிரி உடையற பொருளைத் தாங்கினா 360ல ஒரு பங்குக்கு மேல வளையக்கூடாதுன்னு சொல்லுது. 12 அடிக்கு அது சுமாரா அஞ்சு நூல், மூணு நூல் (ஒரு நூல்னா இன்ச்சுல எட்டுல ஒரு பங்கு). உங்களது பன்னெண்டு நூல், அதனால ஸ்டாண்டர்டை விட்டு வெளியதான் இருக்கு, ஆனா 3க்கு 5 சட்டத்துல 12 அடி போட்டு மேல சுண்ணாம்புத் தளமும் போட்டு 90 வருஷம் வச்சா இந்த அளவு இறங்கறது கணக்குப்படி ஒத்துவர்ற விஷயம்தான். ஏழுல அஞ்சு ஒரே அளவு இறங்கி ரெண்டு மட்டும் கூடுதலா இறங்கியிருக்கே, அதுவும் ஈரச் சுவரு பக்கம், அதுதான் என்னை உறுத்துது. அந்த ரெண்டு நடுவுல வளையல, முனையில உக்காந்திருக்குன்னு தோணுது. ரசமட்டத்தை சட்டத்தோட அடியில சுவரோரமா வச்சுப் பாருங்க, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி சரிவு காட்டினா வளைவு, ஒரு பக்கம் மட்டும் பொசுக்குன்னு இறங்கியிருந்தா அந்த முனை போயிடுச்சுன்னு அர்த்தம்.

அதை உறுதி பண்ண ஆசாரியை கூப்பிடுங்க, கூடவே முட்டுக்கொடுக்க ஜாக்கியும் வாடகைக்கு எடுத்துக்கோங்க, ஏன்னா முட்டு கொடுக்காம முனையை நோண்டக் கூடாது. முட்டு எப்படின்னா, சுவத்துல இருந்து ஒன்றரை அடி தள்ளி, சட்டங்களுக்கு அடியில குறுக்கால ஒரு கனமான கிடைக்கட்டை, அதுக்கு அடியில ரெண்டு மூணு ஸ்க்ரூ ஜாக்கி. சவுக்குக் கழியை ஆப்பு அடிச்சு நிறுத்தற பழக்கம் நம்ம பக்கம் நிறைய, அவசரத்துக்கு ஓகே, ஆனா அதை கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி இறக்க முடியாது. ஜாக்கிக்கு அடியில ரெண்டு இன்ச் பலகை நீளமா போடுங்க, பழைய கூடத்துத் தரைக்கு அடியில வெறும் மணல் நிரப்பிதான் இருக்கும், நேரா ஜாக்கியை நிறுத்தினா ரெட் ஆக்ஸைடு தரையை பொத்துக்கிட்டு இறங்கிடும். தூக்குகுண்டு விட்டு ஜாக்கி நேரா நிக்குதான்னு பாத்துக்கோங்க. கை இறுக்கமா சட்டத்தைத் தொட்டா போதும், இந்தக் கட்டத்துல தூக்கவே வேண்டாம்.

இப்ப சோதனை. சுத்தியால சட்டத்தை நடுவுல இருந்து சுவரை நோக்கி தட்டிக்கிட்டே போங்க. நல்ல மரம் கணீர்னு சொல்லும், உள்ள போன இடம் பொத்துனு சத்தத்தை முழுங்கிடும், காதுக்கே தெரியும். அப்புறம் 4 எம்எம் பிட்டு மாட்டி சுவரு ஓரத்துல சட்டத்தோட பக்கவாட்டுல, பாதி உயரத்துல, சாய்வா சுவத்துக்குள்ள போற மாதிரி ட்ரில் பண்ணச் சொல்லுங்க, அடியில இருந்து போடாதீங்க. பிட்டுல இருந்து வர்றதை உள்ளங்கையில வாங்கிப் பாருங்க. பொன் நிறத்துல சுருள் சுருளா, கொஞ்சம் எண்ணெய்ப் பசையோட, தேக்கு வாசனையோட வந்தா முனை உயிரோட இருக்கு. கறுப்பா பொடியா, இல்ல நசநசன்னு ஈரமா வந்தா, இல்ல ரெண்டு இன்ச் போனதும் பிட்டு தடையே இல்லாம உள்ள விழுந்தா, அங்க மரம் இல்ல, மரத்தோட தோலு மட்டும்தான் இருக்கு. ஏழு சட்டத்துக்கும் பதினாலு முனை, பதினாலையும் பாருங்க, அந்த ரெண்டை மட்டும் பாத்துட்டு விட்டுடாதீங்க. உங்களது தேக்குன்னு எழுதியிருக்கீங்க, நல்லது. டெல்டாவுல நிறைய வீட்டுல பனஞ்சட்டம் போட்டிருப்பாங்க, படிக்கிறவங்க யாருக்காவது அப்படி இருந்தா ஞாபகம் வச்சுக்கோங்க, பனைக்கு பலமெல்லாம் வெளிப்பக்கம்தான், நடு சோறு மெத்துனுதான் இருக்கும், அதனால ட்ரில் பண்ணும்போது நடுவுல மெத்துனு போறதை வச்சு இத்துப்போச்சுன்னு முடிவு பண்ணக் கூடாது.

முனை போயிருந்தா என்ன பண்றது? சட்டத்தையே மாத்தணும்னு அவசியம் இல்ல. இத்துப்போன பகுதியை நல்ல மரம் வர்ற வரைக்கும் அறுத்து எடுத்துட்டு, சட்டத்துக்கு ரெண்டு பக்கமும் சி எழுத்து வடிவத்துல இருக்கற இரும்பு சேனல் வச்சு, நல்ல மரத்துல குறைஞ்சது மூணு அடியாவது ஏறி வர்ற மாதிரி, 12 எம்எம் போல்ட் ஒரே கோட்டுல இல்லாம மேலயும் கீழயுமா மாத்தி மாத்திப் போட்டு இறுக்கணும். வாஷர் பெருசா இருக்கணும், சின்ன வாஷர் மரத்துக்குள்ள முழுகிடும். ஆணி அடிச்சு சேர்க்கறேன்னு யாராவது சொன்னா வேணாம்னு சொல்லிடுங்க. சேனலோட முனைதான் இனிமே சுவத்துல உக்காரும், அதுக்கு அடியில ஒரு கருங்கல் துண்டு இல்ல சின்ன கான்கிரீட் கட்டை வச்சாதான் பாரம் பரவும், பழைய செங்கல்லு மேல நேரா இரும்பை வச்சா செங்கல்லு நொறுங்கும். சேனலுக்கு ரெட் ஆக்ஸைடு பிரைமர் ரெண்டு கோட்டு, முக்கியமா மரத்தைத் தொடற பக்கம், மாட்டறதுக்கு முன்னாடியே அடிச்சுடணும், மாட்டினதுக்கு அப்புறம் அங்க பிரஷ் போகாது.

சில வெல்டருங்க சுவத்துல ஒரு ஆங்கிள் வச்சு ஆங்கர் போல்ட் அடிச்சு அது மேல சட்டத்தை உக்கார வச்சிடலாம்பாங்க. உங்க வீட்டு சுவரு 18 இன்ச்சு, ஆனா அந்தக் காலத்துக் கட்டடம்னா உள்ள மண்ணுச் சாந்தா இருக்க வாய்ப்பு அதிகம், மேல பூச்சு மட்டும் சுண்ணாம்பு. மண்ணுச் சாந்துல ஆங்கர் போல்ட் பிடிக்காது, போட்ட அன்னைக்கு இறுக்கமா இருக்கும், அப்புறம் பாரத்துல செங்கல்லோட சேர்ந்து வெளிய வந்துடும். அந்தச் சுவத்துல நிறைய முனை போயிருந்துதுன்னா சுவரோரமாவே தரையில இருந்து ரெண்டு தூண் நிறுத்தி அது மேல ஒரு உத்திரம் ஓட்டி, சட்டங்களை அதுல உக்கார வைங்க, சுவரை நம்பவே வேணாம்.

முனையை மூடும்போது சிமெண்ட் வச்சு கெட்டியா அடைக்காதீங்க, இதை ரெண்டு தடவை சொல்றேன், அடைக்காதீங்க. சிமெண்ட்டு ஈரத்தை உள்ளயே பூட்டி வச்சுடும், மரம் மூச்சு விட முடியாம மறுபடி இத்துப்போகும். முனையைச் சுத்தி ஒரு விரல் இடைவெளி விட்டு, ஓரத்தை மட்டும் சுண்ணாம்புச் சாந்துல பூசுங்க. பொந்துக்குள்ள இருக்கற மரத்துக்கு போரிக் ஆசிட், வெங்காரம் (போராக்ஸ்) கலந்த கரைசலை பிரஷ்ல நல்லா குடிக்க விடுங்க, பூஞ்சைக்கும் பூச்சிக்கும் ரெண்டுக்கும் கேக்கும். வேஸ்ட் ஆயில் பூசற பழக்கம் இருக்கு, அது நாத்தமும் அடிக்கும், தீப்பிடிச்சா சும்மா விடாது, வேணாம். வெளிச்சுவத்துல சிமெண்ட் பூச்சு இருந்தா அந்த மூலையில அதையும் கொத்திட்டு சுண்ணாம்புலயே பூசிடுங்க.

இனி நடுப்பகுதி. ஆசாரி சொன்ன தூண்ல பாதி சரி, பாதி தப்பு. சட்டத்தை நடுவுல தாங்கறது நல்ல யோசனைதான், வளைவுங்கறது நீளத்தோட நாலாவது அடுக்குல ஏறும், அதனால நீளத்தைப் பாதி ஆக்கினா வளைவு பதினாறுல ஒரு பங்குக்கு வந்துடும், ஆட்டம் அப்படியே நின்னுடும். ஆனா ஒரு தூண் ஒரு சட்டத்தைத்தான் தாங்கும், மத்த ஆறு என்ன பண்ணும்? குறுக்கால ஒரு உத்திரம் போயே ஆகணும். கூடத்தோட அகலம் 14 அடின்னு எழுதியிருக்கீங்க, அதுக்கு ஓரத்துல மட்டும் ரெண்டு தூண் வச்சு ஒரே தாவா தாவணும்னா ஐஎஸ்எம்பி 200 (ஐ வடிவ இரும்பு, 200 எம்எம் உயரம்) மாதிரி 8 இன்ச் உயர இரும்பு உத்திரம் வேணும், மீட்டருக்கு 25 கிலோ, மொத்தம் 110 கிலோ கிட்ட வரும், தலை இடிக்காம உயரம் இருக்கான்னு அளந்துக்கோங்க. நடுவுல ஒரு தூண் நின்னா பரவால்லன்னா ஐஎஸ்எம்பி 150லயே முடிச்சுடலாம். கடைசி அளவை நேர்ல வந்து பாக்கற இன்ஜினியர்தான் முடிவு பண்ணணும், நான் சொல்றது ஒரு கணக்கு தெரியறதுக்கு.

தூணுக்கு அஸ்திவாரம் இல்லாம தரை மேலயே நிறுத்தறதுதான் அந்தப் பாதி தப்பு. நம்ம டெல்டா மண்ணு களி, மேட்டூர்ல தண்ணி திறந்து வாய்க்கால் ஓட ஆரம்பிச்சா ஊறி உப்பும், பங்குனி சித்திரையில காஞ்சு பாளம் பாளமா வெடிக்கும், வயல்ல பாக்கறோமே அதே மண்ணுதான் வீட்டுக்கு அடியிலயும். தரை மேல நிறுத்தின தூண் ஒரு வருஷம் இறங்கும், ஒரு வருஷம் மேல தள்ளும், சட்டம் அதோட சேர்ந்து ஆடும். நிரப்பின மணலைத் தாண்டி, கெட்டி மண்ணு வர்ற வரைக்கும் தோண்டி அடிக்கட்டு போட்டு நிறுத்துங்க.

உத்திரம் ஏத்தும்போது மச்சை நேராக்கணும்னு ஆசைப்படாதீங்க. ஜாக்கியை ஒரு தடவைக்கு ஒரு நூலுக்கு மேல ஏத்தாதீங்க, ஏத்திட்டு ரெண்டு மூணு நாள் விடுங்க, அப்புறம் அடுத்தது. மொத்தத்துல நாலு நூல் ஏறினாலே போதும். 90 வருஷத்து வளைவை ஒரே நாள்ல நிமித்தினா மேல சுண்ணாம்புத் தளம் வெடிக்கும், சட்டம் ஒவ்வொண்ணும் மத்ததை விட்டுட்டு தனியா பிச்சுக்கும், சுவத்துலயும் கீறல் விழும். கீறல் சத்தம் கேட்டாலோ பூச்சு உதிர்ந்தாலோ நிறுத்திடுங்க. உத்திரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவுல வர்ற இடைவெளி ஒவ்வொரு சட்டத்துக்கும் வேற வேறயா இருக்கும், அங்க கெட்டி மரத்துல ஆப்பு செதுக்கி வச்சு இறுக்குங்க, அதுக்கு ஆசாரிக்கு நேரம் குடுங்க, அந்த வேலையில அவரை அவசரப்படுத்தாதீங்க.

கூடத்துல தூணே வேணாம்னா ஒவ்வொரு சட்டத்தோடயும் இன்னொரு சட்டத்தை முழு நீளத்துக்கும் சேர்த்து போல்ட் போடலாம். புது மரத்தை விட இடிச்ச வீட்டுப் பழைய தேக்கு நல்லது, காஞ்சு முடிஞ்சு இருக்கும், புதுசு காயக் காய சுருங்கி போல்ட் லூஸ் ஆகிடும், ஒரு வருஷம் கழிச்சு திரும்ப இறுக்கித்தான் ஆகணும். சேர்க்கற சட்டம் உயரம் கூடுதலா இருந்தா பலன் அதிகம், உயரம் ரெண்டு மடங்கானா விறைப்பு எட்டு மடங்கு ஆகும். இதையே திருப்பிப் பாத்தா, வயர் போடறேன்னு எலக்ட்ரீஷியன் 5 இன்ச் சட்டத்தோட அடியில ஒரு இன்ச் வெட்டினா அந்த இடத்துல பலத்துல மூணுல ஒரு பங்கு போயிடுது. உங்க சட்டங்கள்ல அப்படி வெட்டு எங்கயாவது இருக்கான்னும் பாருங்க.

கொத்தனார் சொல்ற கான்கிரீட் எனக்கு சம்மதம் இல்ல. 5 இன்ச் தளம்னா சதுர அடிக்கு 29 கிலோ, உங்க 168 சதுர அடிக்கு கிட்டத்தட்ட 4900 கிலோ. இப்ப இருக்கற பலகையும் சுண்ணாம்பும் சேர்ந்து அதுல பாதிகூட வராது. மண்ணுச் சாந்துச் சுவரு, களிமண்ணு மேல ஆழமில்லாத செங்கல் அடிக்கட்டு, அது மேல இந்த பாரம். அதுவும் போக, அந்தச் சட்டங்கள்தான் ரெண்டு பக்கச் சுவரையும் பிடிச்சு வச்சிருக்கு, ஏழையும் ஒரே நேரத்துல உருவினா சுவரு பிடிமானம் இல்லாம நிக்கும், மேல ஓட்டுக்கூரையும் அது தலையில. இடிக்க வேண்டிய வீடு இது இல்ல அக்கா, பழுது பாத்தா உங்க பேரப்பிள்ளைங்க வரைக்கும் நிக்கும்.

எப்ப ஆரம்பிக்கறதுன்னு கேட்டிருந்தீங்க. முட்டு இப்பவே குடுத்துடுங்க. சட்டத்தோட அடியில புதுசா குறுக்குக் கீறல் விழுந்தாலோ, முனை சுவத்துல இருந்து நழுவி புது மரம் பளிச்சுனு தெரிஞ்சாலோ, அங்க இருந்து மணலா கொட்டினாலோ அந்த கூடத்துல யாரும் இருக்க வேண்டாம். மத்த வேலையை ஐப்பசி கார்த்திகை அடைமழை முடிஞ்சு, தை அறுவடையும் முடிஞ்சு, மாசியில தொடங்குங்க. சுவரு காஞ்சிருக்கும், ஆளும் கிடைப்பாங்க, அடிக்கட்டு தோண்டினா குழியில தண்ணி ஊறாது.

தம்பியோட டைல்ஸ்க்கு வர்றேன். அடியில சாந்தும் டைல்ஸும் சேர்ந்து ரெண்டு இன்ச்னா சதுர அடிக்கு 10 கிலோவுக்குக் குறையாது, 168 சதுர அடிக்கு 1700 கிலோ, அதாவது 28 மூட்டை நெல்லு, அதுவும் இறக்கவே முடியாத 28 மூட்டை. போதாததுக்கு மரம் வெயிலுக்கும் மழைக்கும் கொஞ்சம் அசைஞ்சுக்கிட்டேதான் இருக்கும், டைல்ஸ் அசையாது, ஒரு வருஷத்துல ஜாயிண்ட்டு ஜாயிண்ட்டா விட்டுடும். மச்சுல சுண்ணாம்புத் தளத்தை வெடிச்ச இடத்துல மட்டும் சுண்ணாம்புலயே பூசி மெழுகிடுங்க. தம்பிக்கு டைல்ஸ் ஆசை விடலன்னா கீழ கூடத்துல போட்டுக்கட்டும், தூணுக்கு அடிக்கட்டு தோண்டி மூடினதுக்கு அப்புறமா.